எலுமிச்சை அண்ணாச்சியின் வால்யூம் ரிப்பேர்

கெட்டுப்போன கம்ப்யூட்டரை எதிரே உட்கார்ந்து பார்த்தே பாதி சரியாக்கிவிடும் மனிதர் சங்கரன்கோவில் வட்டாரத்தில் ஒருவர்தான். எங்கள் இன்ஜினீயரிங் கல்லூரியின் சர்வர் அறைக்காரர். புளியங்குடியிலிருந்து பஸ்ஸில் வருவார். பையில் சாப்பாடு இருக்கிறதோ இல்லையோ, எலுமிச்சம்பழம் இருக்கும். அறைக்குள் யார் நுழைந்தாலும் கைக்கு ஒன்றாக இரண்டு பழம் கொடுப்பார். திருஷ்டிக்கு என்று கல்லூரி முழுக்கப் பேச்சு. ஒருநாள் பயபக்தியோடு கேட்டேவிட்டேன்.

"திருஷ்டியாவது ஒண்ணாவது! கை சும்மா இருந்தா எதையாவது அமுக்குவீரு. பழத்தைப் பிடிச்சிக்கிட்டு நில்லும் வே."

எல்லாருக்கும் அவர் எலுமிச்சை அண்ணாச்சி.

நான் அங்கே லேப் பொறுப்பாளன். வயது நாற்பத்தொன்பது. பதறும்போது மட்டும் ஒன்பது.

எங்கள் கல்லூரியில் எல்லாருடைய ஃபைல்களும் ஒரே பீரோவில் இருப்பதுபோல் திரையில் தெரியும். உண்மையில் மூன்று கட்டடங்களில் மூன்று சர்வர்கள் அவற்றைப் பங்குபோட்டு வைத்திருக்கும். ஒவ்வொரு பங்குக்கும் வால்யூம் என்று பெயர். அந்த வெள்ளிக்கிழமை காலை கரண்ட் போய் யுபிஎஸ் கத்த ஆரம்பித்தது. அதைவிடச் சத்தமாக நான் கத்தினேன். அதன் வாயை அடைக்க ஒரு ஒயரைப் பிடுங்கினேன். யுபிஎஸ் கத்திக்கொண்டே இருந்தது. சர்வர் அடங்கிவிட்டது.

மறுபடி ஓடவிட்டால் ஒரு வால்யூம் திறக்கவில்லை. எங்கள் ஆசிரியை மெர்சி மேடத்தின் ஆறு வருட ஆராய்ச்சி அதற்குள். சாயங்காலத்துக்குள் திருநெல்வேலி பல்கலைக்கழகத்தில் கொடுத்தாக வேண்டும். கடைசி அத்தியாயத்துக்கு வேறு நகலே இல்லை.

பிரின்சிபாலுக்குப் போன் போட்டு, "சார், வால்யூம் போச்சு!" என்று அலறினேன். கால் மணி நேரத்தில் அவர் அனுப்பிய மைக் செட்காரர் பஜாரிலிருந்து ஆம்ப்ளிஃபயரோடு வந்து நின்றார்.

"எந்த ரூம்ல சத்தம் வரலை?"

அண்ணாச்சி அவருக்கும் இரண்டு பழம் கொடுத்து, ஏற்கெனவே பழத்தோடு நின்ற மெர்சி மேடம் பக்கத்தில் நிறுத்தினார்.

பழுது பார்க்கும் புரோகிராமிடம் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டுமாம்: ஃபோல்டரிலிருந்து அறுந்து அநாதையாகக் கிடக்கும் ஃபைல்களை அழிப்பதா, சேர்ப்பதா?

"அழிச்சிரும் அண்ணாச்சி! சுத்தமா முதல்லேருந்து ஆரம்பிப்போம்!"

சொன்னது நான்தான். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. மேடம் என்மேல் எறியப் பழத்தை ஓங்கினார்.

"எறியாதீங்க மேடம், கை காலியாயிரும்," என்றார் அண்ணாச்சி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். சேர்க்கச் சொல்லிப் பொத்தானை அமுக்கினார்.

ஒரு மணி நேரம் கழித்து வால்யூம் திறந்தது. அநாதை ஃபைல்கள் அறுபத்து மூன்று. பெயரெல்லாம் போய், வெறும் எண்கள். அண்ணாச்சி ஒவ்வொன்றாகத் திறந்தார்.

"வரிக்கு ரெண்டு ஆச்சரியக்குறி. கணக்கு வாத்தியார்." அடுத்தது. "முழுக்க கேப்பிடல் லெட்டர். பிரின்சிபால். எழுத்துலயும் அதட்டுதாரு பாரும்."

விஷயத்தைப் படிக்கவே இல்லை. நடையைப் பார்த்தே ஆளைச் சொன்னார். கூட்டத்தில் முதுகைப் பார்த்துச் சொந்தக்காரரைக் கூப்பிடுவதுபோல. மைக் செட்காரர், "இவரு என்ன படிச்சிருக்காரு?" என்று என் காதில் கேட்டார்.

நாற்பத்தோராவது ஃபைலில் அண்ணாச்சி நின்றார்.

"மேல 'ஸ்தோத்திரம்'னு இருக்கு. மேடம், உங்க கடைசி அத்தியாயம்."

"எதை எழுதினாலும் ஸ்தோத்திரம் போட்டுத்தான் ஆரம்பிப்பேன், ஆனா பிரிண்ட் எடுக்கும்போது அழிச்சிருவேனே! உங்களுக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி?"

"போன வருசம் அழிக்க மறந்துட்டீங்க. பரீட்சை அறிவிப்பை ஸ்தோத்திரத்தோடதான் நோட்டீஸ் போர்டுல ஒட்டுனோம்."

மேடம் அழுதார். பழம் பிடித்த கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு பிரதியோடு பஸ் ஏறினார். நேரத்துக்குக் கொடுத்தும்விட்டார்.

கடைசியாக ஒரே ஒரு ஃபைல் மிஞ்சியது.

"முதல் வரியிலேயே மூணு மன்னிப்பு," என்றார் அண்ணாச்சி. "யாருன்னு நான் சொல்லணுமா வே?"

என் ராஜினாமா கடிதம். எப்போதோ புரொஜெக்டர் புகைந்த அன்று எழுதி, கொடுக்கத் தைரியமில்லாமல் வைத்தது.

"இதையாவது அழிச்சிரும் அண்ணாச்சி."

"அழிக்கதுக்கா இவ்வளவு நேரம் உக்காந்தேன்?"

எண்ணை எடுத்துவிட்டு, 'அவசரமில்லை' என்று அதற்குப் பெயர் வைத்தார்.

அண்ணாச்சி லீவு போடும் நாட்களில் மட்டும், அந்த ஃபைல் அங்கேயே இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வேன். பழம் கொடுக்க ஆளில்லாத நாளில் நான் எதையாவது அமுக்கிவிட்டால் தேவைப்படுமே.