அடாப்டரும் சேராத பின்னும்

ஒன்றோடு ஒன்று சேராத இரண்டு பொருட்களை ஆண்டவன் படைக்கவே இல்லை என்பது அடாப்டரின் கட்சி. அயனம்பாக்கம் ஏரியை ஒட்டிய எங்கள் ஃப்ளாட்ஸில் அவருடைய நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. வாட்ச்மேன் முதல் பால்காரர் வரை எல்லோருக்கும் அவர் அடாப்டர்தான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏதோ கம்பெனி வேலை. அது வயிற்றுக்கு. உயிருக்கு ஸ்பீக்கர். எங்கே ஒரு ஆபீஸை மூடினாலும் துக்கம் விசாரிக்கப் போகிறவர் போலப் போய், ஒரு ஸ்பீக்கர் பெட்டியோடு திரும்புவார். அவர் வீட்டுக்குப் போனால் பெட்டிமேல்தான் உட்கார வேண்டும். டீ கொடுத்தால் இன்னொரு பெட்டிமேல் வைத்துக் குடிக்க வேண்டும்.

நான் முகப்பேரில் ஒரு ஸ்பீக்கர் வாங்கினேன். கூட வந்த ஒயரின் முனையில் விரல் பருமனுக்குப் பித்தளைப் பின். ஸ்பீக்கரின் முதுகிலோ, அமுக்கினால் வாயைத் திறக்கும் குட்டி கிளிப். இதுக்குள் அது எந்த ஜென்மத்திலும் போகாது. வேறு ஒயர் வாங்கச் சொன்னார் கடைக்காரர். அதைக் கேட்டதும் அடாப்டருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"வேற ஒயரா? இன்னா மச்சான் பேசற! சட்டைல பட்டன் சேரலன்னா சட்டையே தூக்கிப் போட்டுருவியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் கட்டிங் பிளேயர் திறந்துவிட்டது. நறுக்! புத்தம்புதுப் பின் இரண்டும் தரையில். என் மனைவியின் ஹேர்பின்கள் இரண்டு ஒயரின் முனைக்குப் போயின. பாட்டு வந்தது, பிரமாதமாகவே வந்தது. வெட்டிய பின்களைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அவர் வாங்குகிற ஒரே கூலி அதுதான்.

அடாப்டரின் மனைவி மெர்சி அக்கா சர்ச்சில் கூட்டத்தோடு பாடுகிறவர். போன கிறிஸ்துமஸுக்கு எங்கள் ஃப்ளாட்ஸ் விழாவில் முதல்முறையாகத் தனியாகப் பாட ஒத்துக்கொண்டார். வாடகை சவுண்டு ஏற்பாடாகியிருந்தது. ஆனால் வந்த ஸ்பீக்கர்களில் ஒன்று கரகரவென்று இருமியது. அவ்வளவுதான், அடாப்டர் தன் வீட்டிலிருந்து பெரிய பெட்டிகள் இரண்டை இறக்கிவிட்டார். இறக்கியது அவர் வாய். தூக்கியது என் முதுகு.

மெர்சி அக்கா இடுப்பில் கை வைத்து நின்றார். "தோ பாருய்யா. எங்கம்மா ஊட்டு ஆளுங்க ஆவடிலேர்ந்து அம்புட்டுப் பேரும் வந்துகினு கீறாங்க. இன்னிக்கி என் பாட்டு கெட்டுச்சு, உன் பொட்டி ஒண்ணு பாக்கியில்லாம காயலான் கடைக்குத்தான். மாதா மேல சத்தியம்!"

அடாப்டரின் முகம் வெளுத்துவிட்டது. மெர்சி அக்கா மாதாவை இழுத்தால் பேச்சு மாற மாட்டார்.

வாடகை ஒயரின் முனையில் கைப்பிடி அளவுக்கு ஓர் உருண்டைப் பின். அடாப்டரின் பெட்டியில் திருகாணி. நறுக்! வாடகைக்காரர் "ஐயோ, என் ஒயரு!" என்று அலறினார். உள்ளே பார்த்தால் இரண்டு கம்பிகளும் ஒரே கறுப்பு. எது ப்ளஸ், எது மைனஸ்? பேட்டரியை வைத்துச் சோதித்து, ப்ளஸ் கம்பியில் அடையாளத்துக்கு ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினார். அது அவர் வழக்கம். மெர்சி அக்காவின் பொட்டு அட்டைதான் அவருக்கு டேப். அட்டையில் இரண்டே பொட்டுதான் மிச்சம்; பெட்டிக்கு ஒன்றாக இரண்டு ஒயரிலும் அவற்றை ஒட்டிவிட்டு, சட்டை மாற்றிக்கொள்ள மாடிக்கு ஓடினார்.

திரும்பி வந்தால் ஓர் ஒயரில் மட்டும் பொட்டைக் காணோம்.

"பேட்டரிய வெச்சுப் பாருங்கண்ணே," என்றேன்.

"அது மைக்குக்குள்ள போய்டுச்சு மச்சான். வுடு, ரெண்டுல ஒண்ணுதானே!" என்று கண்ணை மூடிக்கொண்டு ஒரு கம்பியைத் திருகினார்.

மெர்சி அக்கா பாட ஆரம்பித்தார். ஓரத்தில் இருந்தவர்கள் ரசித்துத் தலையாட்டினார்கள். நடுவில் இருந்த ஆவடிக்காரர்கள் மட்டும் காதுக்குப் பக்கத்தில் கையைக் குவித்தார்கள். அத்தனை பெரிய குரல் அங்கே தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் நசுங்கிக் கேட்டது.

"போச்சு! ஒரு பொட்டி தள்ளுது, இன்னொண்ணு இழுக்குது," என்று தலையில் கை வைத்தார் அடாப்டர். "நடுவுல அவ கொரலே காலி!"

அப்போதுதான் மேடையை நிமிர்ந்து பார்த்தார். பட்டுப்புடவை, மல்லிகைப்பூ, நெற்றி நடுவில் மிளகு அளவுக்குச் சிவப்பாக ஒரு பொட்டு.

"அடிப்பாவி! என் ப்ளஸ்ஸு அங்க கீது!"

குனிந்தபடி ஓடினார். திருகாணியைக் கழற்றிக் கம்பியை மாற்றிப் போட்டார். 'டப்' என்று ஒரு சத்தம். அடுத்த வரியில் மெர்சி அக்காவின் குரல் முழுசாக எழுந்தது. ஆவடிக்காரர்கள் கையை இறக்கிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பாட்டு முடிந்ததும் கைதட்டல் ஓயவே இல்லை.

கீழே இறங்கி வந்தவரிடம் அடாப்டர் நியாயம் கேட்டார். "ஒயர்ல கீற பொட்டப் பிச்சு வெச்சுகினியே, ஞாயமா?"

"நெத்திக்கு வாங்குனத ஒயருக்கு ஒட்டுவியாம், ஞாயம் வேற கேப்பியாம்! பொட்டில்லாம மேடை ஏறச் சொல்றியா?"

அதோடு போனார் அக்கா. பெட்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பாதிப் பாட்டு கெட்டதுதானே, சத்தியம் செல்லுமா செல்லாதா என்று தெரியாமல் அடாப்டர் தவித்துப்போனார்.

மறுநாள் காலையில் காயலான் கடை வண்டி எங்கள் கேட்டுக்கு வந்து குரல் கொடுத்தது. நான் எட்டிப் பார்த்தேன். அடாப்டர் தன் வீட்டு வாசலில் ஒரு பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, எந்த நேரமும் அழுதுவிடுவார் போல நின்றிருந்தார்.

மெர்சி அக்கா பால்கனிக்கு வந்தார். வண்டிக்காரரையும் பார்த்தார், உள்ளே திரும்பி, வாசலில் நின்ற புருஷனையும் பார்த்தார்.

"நம்ம ஊட்ல பழசு எதுவும் இல்ல நைனா, நீ போ."

அடாப்டரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். என்னைவிட மெர்சி அக்காவுக்குப் பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.