மெஷினுக்கு வைத்த வட்டா

வெட்கம் பிடித்த ஆட்களுக்கு ஒரு தொல்லை உண்டு. யாராவது எங்களைத் தப்பாக விளங்கிக்கொண்டால், "அப்படி இல்லை" என்று சொல்ல ஒரு நிமிடம்தான் கிடைக்கும். அந்த நிமிடத்தை நாங்கள் தொண்டையைச் செருமுவதிலேயே செலவழித்துவிடுவோம். அதற்குப் பிறகு யார் சொல்லிக் கேட்பார்கள்?

அப்படி ஒரு நிமிடத்தைத் தவறவிட்டதில், என் மகளின் கல்யாணத்துக்கு அழைக்காத முப்பது பேருக்கு மேல் வந்து சேர்ந்தார்கள். அழைத்தது நான் என்று நினைத்துக்கொண்டுதான் அவர்கள் வந்தார்கள். உண்மையில் அழைத்தது நான் வேலை செய்யும் கடையின் கார்ட் பிரிண்டர்.

நாவற்குடாவில் பிரதான வீதியோரம் இருக்கும் சின்னக் கடை அது. போட்டோக் கொப்பி, லமினேற், பாஸ்போர்ட் படம், அடையாள அட்டை எல்லாம் செய்வோம். முதலாளி காத்தான்குடி ஹனிபா காக்கா. (காக்கா என்றால் அவர்கள் பக்கத்தில் அண்ணன்.) நான் சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனாலும் அந்த பிரிண்டர் என் சொல்லைக் கேட்கும். (வீட்டில் அப்படி ஒருவரும் இல்லை.) வெள்ளை பிளாஸ்டிக் அட்டையை ஒரு பக்கம் உள்ளே விட்டால், ஆளின் படம், பெயர், இலக்கத்தோடு மறுபக்கம் வந்து விழும். விழுகிற இடத்தில் உள்ளங்கை அளவில் ஒரு கறுப்பு ட்ரே இருந்தது.

அதை உடைத்ததும் என் வெட்கம்தான். ஒரு ரீச்சர் தன் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "அண்ணன், என்னை நல்ல வடிவா எடுத்திருக்கிறீங்க!" என்றார். பாராட்டினால் எனக்கு இருப்புக் கொள்ளாது. சட்டென்று எழும்பினேன். கதிரை போய் பிரிண்டரில் இடித்தது. ட்ரே கழன்று விழுந்தது. "பரவாயில்ல மிஸ்" என்று பின்னால் நகர்ந்து, அதன் மேலேயே ஏறி நின்றேன்.

காக்கா இரண்டு துண்டையும் பொருத்திப் பார்த்தார். "இது கொழும்பால வரணும் மனே. பழைய மொடல். தேடிப் பாத்துச் சொல்றானுகளாம்."

"அதுவரைக்கும் என்ன செய்யிற காக்கா?"

"கீழ எதையாவது வைங்க."

சப்பாத்துப் பெட்டி வைத்தேன். உயரம் காணாமல் அட்டைகள் துள்ளி நிலத்தில் விழுந்து கீறுப்பட்டன. கேக் பெட்டி சரிந்தது. கடைசியில் கையை ஏந்திக்கொண்டு நின்றேன். கடைக்கு வந்தவர்கள் என்னைப் பார்த்துவிட்டு, கோயில் பிரசாதம் எங்கே கொடுக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார்கள்.

அன்றைக்கென்று என் பையில் வட்டா இருந்தது. வட்டா என்றால் ஒற்றைக் கால் வைத்த பித்தளை வெற்றிலைத் தட்டு. எங்கள் பக்கத்தில் நல்ல காரியத்துக்கு ஒருவரை அழைப்பதென்றால், வெற்றிலை பாக்கு வைத்து இதை இரண்டு கையாலும் நீட்ட வேண்டும். என்னதான் கார்ட் அடித்துக் கொடுத்தாலும், வட்டா நீட்டாவிட்டால் சொந்தக்காரருக்கு அது அழைப்பே இல்லை. அடுத்த கிழமை மகளுக்குக் கல்யாணம் என்பதால், என் மனைவி புவனா தன் தாயின் வட்டாவைப் பொலிஷ் போட்டுவரத் தந்திருந்தாள். போட்டு எடுத்துக்கொண்டுதான் கடைக்கு வந்திருந்தேன். பிரிண்டரின் கீழே வைத்துப் பார்த்தேன். அளவெடுத்துச் செய்தது போல் உயரம் சரியாக இருந்தது! அட்டைகள் ஒவ்வொன்றாக வந்து பதவிசாக அமர்ந்தன.

இந்த வட்டாவால் எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு சண்டை இருந்தது. மகள் பெரிய பிள்ளையானபோது வைத்த சாமத்தியச் சடங்குக்கு, புவனா தன் அண்ணன் குணத்தை போனில் அழைத்துவிட்டாள். "கூடப்பிறந்தவனைப் போனில கூப்பிடுறதா? நான் என்ன ஓட்டோக்காரனா?" என்று அவர் கேட்டார். "கூடப்பிறந்தவருக்கு வட்டா என்னத்துக்கு? அவர் என்ன பிறத்தியாளா?" என்று இவள் கேட்டாள். இரண்டு கேள்விக்கும் பதில் இல்லாததால் போக்குவரத்து நின்றுபோனது.

கல்யாணப் பேச்சு வந்ததிலிருந்து மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள். "மாமா முன்னுக்கு நிக்காம என்ன கல்யாணம் அம்மா?"

"வட்டா கேக்கிற மாமா உனக்கு வேணாம்." அதோடு பேச்சு முடிந்துவிடும். பிள்ளை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

அன்றைக்கு நான் அடித்துக்கொண்டிருந்தது வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரை மீனவர் சங்க உறுப்பினர்களின் அட்டைகள். சங்கச் செயலாளர் குணம் மச்சான். என் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் வேறு யாரையாவது அனுப்புவார் என்று தைரியமாக இருந்தேன். வாசலில் நிழல் தட்டியது. அவரேதான். பின்னால் சங்கத்து ஆட்கள் இரண்டு பேர்.

மச்சான் மேலே ஓடிய காற்றாடியைப் பார்த்துக் கேட்டார். "சங்கத்துக் கார்ட் முடிஞ்சிதா?"

நானும் காற்றாடியிடமே சொன்னேன். "முடிஞ்சிது. ஒண்டுதான் மிச்சம்."

அட்டைகளை எடுத்துக் கொடுக்க வேண்டும். மேசையில் கொட்டினால் மரியாதையில்லை. ஒற்றைக் கையால் தூக்கினால் வட்டா சரியும். ஆகவே இரண்டு கையாலும் தூக்கி, தலையைக் குனிந்துகொண்டு நீட்டினேன். (தலை குனிந்தது பணிவால் இல்லை. நான் எப்போதும் அப்படித்தான்.)

கையில் பாரம் குறையவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். மச்சான் தோளில் கிடந்த துவாயை மரியாதைக்குக் கையில் எடுத்துவிட்டார்.

"இது அம்மாட வட்டா."

"ஓம் மச்சான்."

"புவனாவா தந்தவள்?"

"ஓம்." (பொலிஷ் போடத் தந்தவள். அதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.)

அவர் வட்டாவுக்குள் எட்டிப் பார்த்தார். சங்கத்து ஆட்களின் முகங்கள் வரிசையாக அவரைப் பார்த்தன. கண்கலங்கத் திரும்பினார். "பாத்தீங்களாடா? வெத்திலைக்குப் பதிலா எங்கட முகத்தையெல்லாம் வட்டாவில வெச்சு அழைக்கிறான். இப்பிடி ஒரு அழைப்பை எங்கயாவது கண்டிருக்கிறீங்களா?"

"நாங்களுமா குணமண்ணன்?" என்றார் ஒருவர்.

"பின்ன? உன்ட முகம்தானே மேல கிடக்கு!"

அந்த நேரம் பார்த்து பிரிண்டர் கடைசி அட்டையைத் துப்பியது. கீழே வட்டா இல்லையே! அட்டை மேசையில் சறுக்கி, பறந்து, மச்சானின் காலடியில் போய் விழுந்தது. அது அவருடைய படம். எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

என்னுடைய ஒரு நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது. தொண்டையைச் செருமினேன்.

"சந்தோசத்தில மனிசனுக்குப் பேச்சு வரல்ல" என்றார் ஹனிபா காக்கா, உதவி செய்வதாக நினைத்து.

"பேச வேணாம் மச்சான். கட்டாயம் வாறம். சங்கம் முழுக்க வாறம்."

வீட்டுக்குப் போனதும் புவனா கேட்டாள். "வட்டாக்குப் பொலிஷ் போட்டாச்சா?"

"போட்டாச்சு. உன்ட அண்ணன் கல்யாணத்துக்கு வாறார்."

ஒரே மூச்சில் சொன்னால் வலிக்காது என்று நினைத்தேன். அவள் என்னை இருத்திவைத்து எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு எழுந்தாள். "என்ட அம்மாட வட்டாவை மெஷினுக்குக் கீழ வெச்சீங்களா?"

"உசரம் சரியா இருந்திச்சு…"

குசினிக்குள் சட்டிகள் இடிபட்டன. மகள் என்னைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினாள். அவள் அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது. கொஞ்ச நேரத்தில் புவனா கரண்டியோடு வெளியே வந்தாள்.

"நான் அழைக்கல்ல. விளங்கிச்சா? மெஷின்தான் அழைச்சது."

"ஓம்."

"எத்தினை பேராம்?"

"சங்கம் முழுக்க."

கூரையைப் பார்த்து விரல் மடித்து எண்ணினாள். "அரிசி காணாது" என்றாள்.

கல்யாணத்தன்று அவர்கள் வந்தார்கள். எல்லோரும் வெள்ளை வேட்டி. எல்லோர் கழுத்திலும் நாடாவில் அடையாள அட்டை! அதுதான் அழைப்பு என்று மச்சான் சொல்லிவிட்டாராம். மாப்பிள்ளை வீட்டார் எழுந்து நின்றுவிட்டார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா என் காதருகே வந்து, "என்ன செக்கிங்?" என்று கேட்டார். பின்னாலேயே இரண்டு பேர் மீன் கொண்டுபோகும் பெரிய வெள்ளை ரெஜிபோம் பெட்டியொன்றைச் சுமந்து வந்தார்கள். உள்ளே ஐஸ் போட்ட வாவி இறால். அன்றைக்கு முழுக்கச் சைவச் சாப்பாடு. பெட்டியைப் பந்தலுக்குப் பின்னால் ஒளித்தோம். வாசனையை ஒளிக்க முடியவில்லை.

ஆனாலும் மச்சான் முன்னுக்கு நின்றார். மகளின் முகத்தைப் பார்த்தபோது, இறாலாவது செக்கிங்காவது என்று இருந்தது எனக்கு.

பந்தியில்தான் என் தலையில் இடி விழுந்தது. மச்சானுக்குப் பக்கத்தில் ஹனிபா காக்கா உட்கார்ந்திருந்தார். வாசல் மேசையில் வெற்றிலையோடு இருந்த வட்டா அவர் கண்ணில் பட்டது.

"அட, நம்மட மெஷினுக்கு வெச்ச தட்டு இஞ்ச இரிக்கி!"

"எந்த மெஷின்?" என்றார் மச்சான்.

காக்கா நல்ல மனிதர். ஒன்றையும் மறைக்க மாட்டார். சப்பாத்துப் பெட்டியிலிருந்து தொடங்கினார். நான் தண்ணீர்ப் பீப்பாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். மச்சானின் கை சோற்றில் அப்படியே நின்றது. அவர் பாதியில் எழுந்தால் சங்கமே எழும்பும். சங்கம் எழும்பினால் இந்த ஜென்மத்தில் இந்த இரண்டு வீடும் ஒட்டாது.

புவனா பாயாச வாளியோடு அவர் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணன்… பாயாசம் ஊத்தட்டா?"

அவர் வட்டாவைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். "ஊத்து" என்றார்.

அவ்வளவுதான். ஆனால் என்னோடு ஒரு வார்த்தை பேசாமலே போய்விட்டார். மறுநாள் அந்த இறாலைக் கறி வைத்தபோது என் பங்கு எங்கள் நாய்க்குப் போனது.

சில மாதம் கழித்து, ஒரு ஞாயிறு காலை, மச்சான் தன் மனைவியோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். அவர் இரண்டு கையாலும் ஏந்தியிருந்தது ஒரு கறுப்பு பிளாஸ்டிக் ட்ரே. நான் மிதித்து உடைத்த அதே ட்ரே! காக்காவிடம் கேட்டு வாங்கி, தோணிக்குப் பூசும் பைபரால் ஒட்டியிருந்தார். அதற்குள் ஒரு வெற்றிலையைச் சின்னதாக மடித்து, ஒரே ஒரு பாக்கு வைத்திருந்தார். அதற்கு மேல் அதில் இடமில்லை.

"மகளுக்குக் கட்டின வீடு குடிபூருறம். எல்லாரும் வந்திரணும்" என்றார், முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு. "இதுதான் மச்சான் ஒரிஜினல் சாமான்."

புவனா இரண்டு கையாலும் வாங்கினாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். "எங்கட படத்தை வெக்கல்லியா அண்ணன்?"

முதலில் சிரித்தது மச்சான்தான். எங்கள் நாய் பயந்து குரைக்கும் அளவுக்குச் சிரித்தார்.

இப்போது எங்கள் குடும்பத்தில் யாரை அழைக்கப் போனாலும் இரண்டும் போகும். புவனாவின் கையில் வட்டா, என் கையில் ட்ரே. போன வீட்டில் கதவைத் திறப்பவர்கள், "வாங்க, மெஷினும் வந்திரிக்கோ?" என்று கேட்பார்கள். மெஷின் என்பது நான்தான். நான் தொண்டையைச் செருமிவிட்டு ட்ரேயை நீட்டுவேன். பேச வேண்டிய தேவையில்லை.

கொழும்பிலிருந்து புது ட்ரேயும் பிறகு வந்து சேர்ந்தது. நன்றாகப் பொருந்துகிறது. அட்டைகள் ஒழுங்காக விழுகின்றன. இதுவரை அது யாரையும் எதற்கும் அழைக்கவில்லை.