தெருவோரத்துப் பாதி

"பேர்லயே களைன்னு இருக்கே, வெர்லின். நான் என்ன பண்றது?" என்றாள் நகராட்சி அலுவலகத்துக் காலீன்.

ஒடித்தால் எருக்குபோல் பால் வடிக்கும் 'பால்களை' என்ற செடிக்காக, வீட்டு முன்புறப் புல்தரையையே துறந்தவர் அயோவாவின் அந்தச் சிற்றூரில் வெர்லின் ஹாகன் ஒருவர்தான். மொனார்க் பட்டாம்பூச்சியின் புழு வேறெந்த இலையையும் தொடாது என்று தெரிந்த நாளிலிருந்து அந்தச் செடிகள் அவருக்குப் பிள்ளைகள். ஆளுயரம் வளர்ந்தும் நின்றன. பட்டாம்பூச்சிதான் வந்து, இலையைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, முட்டையிடாமலே போய்க்கொண்டிருந்தது.

"இலை முத்திப்போச்சு, வெர்ன். பாதியை வெட்டு. தளிர் விட்டாத்தான் அது முட்டை வைக்கும்," என்று மனைவி ஆர்டிஸ் ஜூன் மாதம் முழுக்கச் சொன்னாள். பல்கலைக்கழகத்தில் செடியை வெட்டிச் சோதித்து எழுதியதையும் படித்துக் காட்டினாள். அவர் காதைப் பொத்திக்கொண்டார்.

இப்போது, ஜூலையில், யாரோ புகார் சொல்லிவிட்டார்கள். செடிகளில் தெருவோரத்துப் பாதி, நகராட்சி விதித்த உயரத்தை மீறிவிட்டதாம். ஒரு வாரக் கெடுவுக்குள் வெட்டியாக வேண்டுமாம்.

பக்கத்து வீட்டு நார்மனைத் தவிர யார்? கத்தரிக்கோலால் புல்லை வெட்டுகிற ஆள். வெர்லின் நேரே போய்ச் சண்டை பிடித்தார். நார்மன் வருஷாவருஷம் தருகிற சோளக்கதிரை அன்றோடு நிறுத்திவிட்டார்.

வெர்லின் செடிகளை வளைத்துக் கட்டி உயரத்தைக் குறைக்கப் பார்த்தார். தண்டு ஒடிந்து பால் வடிந்தது. அந்தக் கையாலேயே கண்ணைக் கசக்கிவிட்டார். வீங்கிய கண்ணோடு கெஞ்சப் போனவர் அழுகிறார் என்று நினைத்துக் காலீன் கைக்குட்டையை நீட்டினாள். கெடுவை மட்டும் நீட்டவில்லை.

வெட்டினார். அன்று சோறு இறங்கவில்லை. ஆர்டிஸ் கண்ணுக்கு மருந்து விட்டாள்.

ஆகஸ்டில், வெட்டிய இடமெல்லாம் தளிர். தளிருக்கு அடியிலெல்லாம் முட்டை. பிறகு கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக வரிபோட்ட புழுக்கள். வெர்லின் மண்டியிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். இத்தனூண்டு உயிர் சிறகு முளைத்து மெக்சிகோவரை பறக்கப் போகிறது என்று நினைத்ததும் நல்ல கண்ணும் கலங்கிவிட்டது.

நார்மனிடம் நன்றி சொல்லப் போனார். தான் புகாரே சொல்லவில்லை என்று நார்மன் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுபடியும் காலீனிடம் ஓடினார். "யாருன்னு சொல்லு. சண்டைக்கு இல்ல, கை குடுக்கணும்."

"அதுக்கு இவ்வளவு தூரம் வரணுமா? வீட்டுலயே குடுத்திருக்கலாமே. அடுத்த ஜூலைக்கும் சேர்த்து இப்பவே புகார் சொல்லிட்டுப் போயிருக்காங்க உங்க ஆர்டிஸ்."