தலைக்கட்டைத் துறந்தவர்

இந்தியனாக இருப்பதை விட்டுவிடுவது என்று ராக்கையா முடிவெடுத்தபோது காலை ஏழரை மணி. திராட்சைப் பந்தலுக்கு அடியில் நின்று, கையைத் தலைக்கு மேலே தூக்கிக் கொத்துகளைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். வயது ஐம்பத்தேழு. அதில் முப்பத்தைந்து வருடம் அண்ணாந்து பார்த்தே கழிந்துவிட்டது. கழுத்தும் அந்த வாக்கிலேயே நின்றுபோயிற்று. எதிரே ஆள் வந்தால் அவருக்கு முதலில் ஆகாயம்தான் தெரியும். அப்புறம்தான் ஆள்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு போட்டோ. மகள் ஓவியா நியூசிலாந்தில் நர்ஸ். மாப்பிள்ளைக்கும் அங்கேயே வேலை. போன வாரம் அவள் அந்த நாட்டுக் குடிமகளாக உறுதிமொழி எடுத்துக்கொண்டாள். இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைக்க அனுப்பிவிட்டாள். அன்று எடுத்த படத்தில் அவளுக்குப் பின்னால் ஒரு திராட்சைத் தோட்டம். பந்தலே இல்லை. வேலி வேலியாக, மார்பு உயரத்துக்குக் கொடி. காய் மனிதனின் நெஞ்சுக்கு நேராகத் தொங்குகிறது.

ராக்கையா அந்தப் படத்தை நூறு தடவை பார்த்திருப்பார். பார்க்கப் பார்க்க, மேகமலைப் பக்கமிருந்து மேகம் இறங்கி வந்து தன் தோட்டத்தைச் சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டு போவதுபோல இருக்கும். பந்தல் கல்லெல்லாம் கரைந்துவிடும். அவர் கோட்டுப் போட்டுக்கொண்டு வேலிகளுக்கு நடுவே நடப்பார். கழுத்து நேராக இருக்கும். தூரத்தில் ஆடுகள் பஞ்சு மாதிரி மேயும். யாரும் அவரைக் கூப்பிட மாட்டார்கள். அந்த அமைதி அவருக்கு மிகவும் பிடித்திருந்தது.

"ஏ முனீஸு, நான் குடியுரிமையை விடப்போறேன்" என்றார், வீட்டுக்குள் நுழையும்போதே.

"சாப்பிட்டுட்டு விடுங்க. தோசை ஆறுது" என்றாள் முனீஸ்வரி.

"வெளையாட்டு இல்ல. ஓவியா மாதிரி நானும் அந்த நாட்டுக்காரனா ஆகப்போறேன்."

"அந்த நாட்டுக்காரவுக உங்களக் கேட்டாகளா?"

"அவுக ஏன் கேக்கணும்? நாமதான் கேக்கணும்."

"இந்த நாட்டுல உங்களுக்கு என்ன கொறை?"

"கழுத்து."

முனீஸ்வரி தோசைக் கரண்டியை நிறுத்தி அவரது கழுத்தைப் பார்த்தாள். முப்பத்தொரு வருடமாகப் பார்த்த கழுத்துதான்.

உண்மையில் சிக்கல் கழுத்தில் இல்லை. ஓவியா உண்டாகியிருந்தாள். வைகாசியில் பிரசவம். அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் விசா வாங்கி வைத்திருந்தாள். ஆனால் காய் நிற்கிற தோட்டத்தை விட்டுவிட்டு இரண்டு பேரும் கிளம்ப முடியாது. ஒருவர்தான் போகலாம்.

"பிரசவத்துக்கு நானில்ல போகணும்? பிள்ளைப்பேறு பாக்க அப்பன் போன கதை எங்கனயாச்சும் உண்டா?"

"நீதான ஏரோப்பிளேன்ல ஏறவே மாட்டேன்னு சொன்ன?"

"அது கொடைக்கானல் மலையில பஸ்ஸுல வாந்தி எடுத்தப்பச் சொன்னது. பன்னெண்டு வருசம் ஆச்சு."

"சொன்னது சொன்னதுதான். நான் போனா ஊரைப் பாப்பேன், நெலத்தைப் பாப்பேன், எழுதிக் குடுக்க வேண்டியத எழுதிக் குடுப்பேன். நீ போயி என்ன பண்ணுவ?"

"பேரப்பிள்ளையக் குளிப்பாட்டுவேன்."

"அதை நானும் குளிப்பாட்டுவேன்."

"உங்க முதுகையே நீங்க தேச்சதில்ல."

ராக்கையா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அதில் அவர் கெட்டிக்காரர். ஒரு முறை தூக்கினால் இறக்கி வைக்க மூன்று மாதம் ஆகும். முனீஸ்வரி தோசையைத் திருப்பிப் போட்டாள்.

"சரி. நீங்களே போங்க."

இத்தனை வருடத்தில் அவள் ஒரே வாக்கியத்தில் விட்டுக்கொடுத்ததே கிடையாது. அவர் அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தேகப்படாமல் இன்னொரு தோசை கேட்டார்.

அன்று மத்தியானமே ஓவியாவுடன் பேசினார். அங்கே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

"அப்பா, கேட்டவுடனே குடுத்துர மாட்டாக. மொதல்ல வந்து பாருங்க. அப்புறம் தங்குறதுக்கு அனுமதி. அதுக்கு மேல வருசக்கணக்கா ஆகும். கடைசியில, இந்தியா ரெண்டு குடியுரிமைய ஒத்துக்காது. இத விட்டாத்தான் அது."

"விட்டாப் போச்சு."

"நானும் அப்படித்தாம்ப்பா நெனச்சேன். பாஸ்போர்ட்டக் கவர்ல போட்டு ஒட்டிட்டு, அனுப்பாம கார்லயே அரைமணி நேரம் உக்காந்திருந்தேன். பசை காயட்டும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்."

அந்தப் பேச்சு ராக்கையாவை என்னவோ செய்தது. சாயங்காலம் வரை பந்தலடியில் உட்கார்ந்து யோசித்தார். அவள் எதற்காக அப்படி உட்கார்ந்திருந்தாள்? அந்த நாள் வந்தால் நானும் அப்படி உட்காருவேனா? எதை நினைத்து? வெகுநேரம் பிடிபடவில்லை. பிறகு, தன்னிடம் கார் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. ஆறுதலாக இருந்தது.

பங்குனி பிறந்ததும் டிக்கெட் வந்தது. முனீஸ்வரியின் போனுக்குத்தான் வந்தது. அந்த வீட்டில் அனுப்புகிறவர்கள் எல்லாரும் அவள் போனுக்குத்தான் அனுப்புவார்கள். தேதியை மட்டும் அவள் வாசித்துக் காட்டினாள். வாசித்துவிட்டுக் கன்னத்தில் கை வைத்தாள்.

"என்னங்க, இது காப்புக் கட்டி நாலாம் நாளுல்ல வருது!"

அந்த ஊரில் கல்யாணமான ஆம்பளை ஒவ்வொருவனும் ஒரு தலைக்கட்டு. சித்திரைத் திருவிழாவுக்குக் காளியம்மன் கோயிலில் நோட்டைப் பார்த்துத் தலைக்கட்டுப் பெயர்களை வரிசையாக வாசிப்பார்கள். ஒவ்வொருவரும் போய்க் கையை நீட்டி மஞ்சள் காப்புக் கட்டிக்கொள்ள வேண்டும். கட்டிவிட்டால் பதினைந்து நாள் ஊர் எல்லையைத் தாண்டி ராத் தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். பொழுது அடைய ஊருக்குள் இருக்க வேண்டும். அதை மீறியவர் என்று இதுவரை ஒருவரும் இல்லை.

"தேதியத் தள்ளிப் போடச் சொல்லு" என்றார் ராக்கையா.

"பிள்ளையவும் தள்ளிப் பெறக்கச் சொல்லவா?"

ராக்கையா மோட்டுவளையைப் பார்த்தார். அந்தக் கழுத்துக்கு அது சுலபம்.

"ஒண்ணு சொல்லட்டா?" என்றாள் முனீஸ்வரி. "நாட்டையே விடப்போறீக. ஊரை விட்டா என்ன? தலைக்கட்டுல இருந்து பேரை எடுத்துருங்க. ஒத்திகை பாத்த மாதிரியும் இருக்கும்."

"எடுத்துட்டா?"

"ஆம்பளப் பிள்ளை இல்லாத வீடு. எம்பேரை எழுதுவாக. காப்பு என் கையில ஏறும். நான் இங்கன கெடக்கேன். நீங்க பறந்து போங்க."

ராக்கையாவுக்கு உள்ளுக்குள் சிரிப்பு பொங்கியது. தன்னைத் தானே கட்டிப்போட்டுக்கொள்ளக் கயிறு எடுத்துக் கொடுக்கிறாளே! இவளை எல்லாரும் விவரமானவள் என்கிறார்களே! சிரிப்பை மறைக்க நாலைந்து தடவை இருமினார். அவள் சுக்குக் கசாயம் வைத்துக் கொடுத்தாள்.

ஊர்ப் பெரியவர் தவசிக்கு எழுபத்திரண்டு வயது. தலைக்கட்டு நோட்டு அவரிடம்தான் இருந்தது. விஷயத்தைக் கேட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏப்பா ராக்கையா, இந்த நோட்டுல செத்தவன் பேரைத்தாம்ப்பா அடிப்போம். நீ முழுசா நிக்கிறயே?"

"நான் வெளிநாட்டுக்காரனா ஆகப்போறேன் மாமா."

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. என்னத்த எழுத?"

"நியூசிலாந்துன்னு எழுதுங்க."

"இதுவரைக்கும் எல்லாருக்கும் காலமானார்னுதான் எழுதிருக்கேன்" என்று முனகிக்கொண்டே தவசி எழுதினார். கோடு போட்டு அடித்தபோது பேனா கொஞ்சம் கிழித்துவிட்டது. ராக்கையா வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தன் உடம்பு லேசாகிவிட்டதாக உணர்ந்தார். கால் தரையில் பாவவில்லை. பஸ் ஒன்று ஆரன் அடித்ததுகூட எங்கோ கடலுக்கு அப்பாலிருந்து கேட்டது.

ஒரு வாரம் நன்றாகத்தான் இருந்தது. டீக்கடைத் தங்கப்பாண்டியன், "வாங்கண்ணே, எப்ப எங்க ஊருக்கு வந்தீக?" என்று கேட்டான். ராக்கையா பெருந்தன்மையாகச் சிரித்தார். இரண்டாம் நாளும் கேட்டான். எட்டாம் நாள் அவர் டீயை வீட்டிலேயே குடித்துக்கொண்டார்.

ஊர்க்கூட்டத்தில் திருவிழாப் பந்தலை எந்தப் பக்கம் போடுவது என்று பேச்சு வந்தது. வழக்கம்போல ராக்கையா எழுந்தார்.

"தலைக்கட்டு மட்டும் பேசட்டும்ப்பா" என்றார் தவசி. "முனீஸ்வரி, நீ சொல்லுத்தா."

"வடக்க போட்டா வெயில் அடிக்கும் பெரியப்பா. மேக்க போடுங்க."

இருபது வருடமாக வடக்கே போட வேண்டும் என்று வாதாடி வந்தவர் ராக்கையா. கூட்டம் அவள் சொன்னதை ஒரே நிமிடத்தில் ஒத்துக்கொண்டது. திருவிழா நோட்டீஸில் அவள் பெயர் அச்சாகி வந்தது. எழுத்துப்பிழைகூட இல்லை.

பகல் தூக்கத்தில் அவருக்கு ஒரு கனவு வரத் தொடங்கியது. மார்பு உயரத் திராட்சைக்கு நடுவே நிற்கிறார். கழுத்து நேராக இருக்கிறது. பனி இறங்குகிறது. வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு பட்டியலை வாசிக்கிறார்கள். தெரிந்த குரல்தான், பெயர்களும் தெரிந்தவைதான். அவர் பெயர் மட்டும் வரவில்லை. அதற்காக வருத்தம் எதுவும் இல்லை. உதிர்ந்த இலை மாதிரி மிதந்துகொண்டே இருக்கிறார். கீழே இறங்க இடம் தெரியவில்லை. விழித்தால் இரண்டு காலையும் தரையில் ஊன்றிப் பார்ப்பார். நான் போக ஆசைப்பட்டேனா, போகாதே என்று யாராவது சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேனா? இத்தனை வயதுக்கு மேல் இதை யாரிடம் கேட்பது? முனீஸ்வரியிடம் கேட்கலாம். அவளுக்குத் தெரிந்திருக்கும் என்பதாலேயே கேட்கவில்லை.

காப்புக் கட்டும் நாள் செவ்வாய்க்கிழமை. காலையிலேயே மேளம் தொடங்கிவிட்டது. ராக்கையா கூட்டத்துக்கு வெளியே, வேப்பமரத்தடியில், வேடிக்கை பார்க்க வந்த வெளியூர் ஆள் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தவசி நோட்டை விரித்து வாசித்தார். முப்பத்தொரு வருடமாக, பங்காளி சங்கரலிங்கத்துக்கு அடுத்த பெயர் ராக்கையா.

"சங்கரலிங்கம்!"

ராக்கையாவின் கால் தானாக ஓரடி முன்னால் போனது.

"முனீஸ்வரி!"

கால் அங்கேயே நின்றது. ஈரத்தலையோடு, மஞ்சள் சேலையில், முனீஸ்வரி நடந்துபோனாள். கையை நீட்டினாள். பூசாரி நூலை எடுத்தார். ராக்கையாவுக்குக் கார் தேவைப்படவில்லை. நின்ற இடத்திலேயே ஓவியா ஏன் உட்கார்ந்திருந்தாள் என்று புரிந்துவிட்டது.

"இருங்க!" என்று கத்திக்கொண்டு ஓடினார். மேளம் நின்றது.

"முனீஸு, அது என் பேருடி."

"நீங்கதான விட்டீக?"

"தெரியாம விட்டுட்டேன். திருப்பிக் குடுத்துரு."

"அதென்ன குடமா, கை மாத்திக் குடுக்க? பெரியப்பா, இதுக்கு வழி இருக்கா?"

தவசி நோட்டை முன்னும் பின்னும் புரட்டினார். "அடிச்ச பேரு திரும்பி வந்ததே இல்ல. ஆனா தலைக்கட்டு நீ. நீ சம்மதிச்சா எழுதிக்கலாம்த்தா."

ஊரே முனீஸ்வரியைப் பார்த்தது. அவள் புருசனைப் பார்த்தாள்.

"காப்பு ஏறுனா பதினஞ்சு நாளு வெளியூர்ல ராத் தங்க முடியாது. வெள்ளிக்கிழமை பிளேனு. யோசிச்சுக்கங்க."

"பிளேனு போகட்டும்."

"அந்த நாடு?"

"அது அங்கனயே இருக்கட்டும்."

"நாளப்பின்ன என்னாலதான் போக முடியலன்னு முகத்தத் தூக்கக் கூடாது."

"தூக்க மாட்டேன்."

"ஆத்தா மேல சத்தியமா?"

"சத்தியமா."

முனீஸ்வரி பெருமூச்சு விட்டாள். பெரிய சொத்தைத் தானம் கொடுப்பவள்போலக் கையை இழுத்துக்கொண்டாள். "எழுதுங்க பெரியப்பா."

மஞ்சள் நூல் ராக்கையாவின் மணிக்கட்டில் ஏறியது. ஈர மஞ்சள் முழங்கை வரை வழிந்தது. அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். பக்தி என்று நினைத்து நாலைந்து பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மேளம் மறுபடி தொடங்கியபோது, மிதந்துகொண்டிருந்த இலை மெதுவாக வந்து தரையைத் தொட்ட மாதிரி இருந்தது. இதைவிடப் பெரிய நாடு எதுவும் இல்லை என்று அந்த நிமிடத்தில் அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

வீட்டுக்கு வரும் வழியில்தான் மகள் நினைவு வந்தது.

"பாவம் பிள்ளை. பிரசவத்துக்கு ஒருத்தரும் இல்லாமப் போச்சே. டிக்கெட்டும் வீணாப் போச்சு."

"வீணாப் போகாது."

"எப்படிப் போகாது? எம்பேர்ல போட்டது."

முனீஸ்வரி கதவைத் திறந்தாள். நடுவீட்டில் ஒரு புதுப் பெட்டி நின்றது. ராக்கையா திறந்து பார்த்தார். அவளது சேலைகள், பிரசவ மருந்துப் பொடி, சுக்கு, பேரப்பிள்ளைக்குக் கிழிசல் வேட்டியில் தைத்த துணிகள். அடியில் வாந்தி வராமல் இருக்க ஒரு மாத்திரை அட்டை.

"டிக்கெட்டு ஆரம்பத்துல இருந்தே எம்பேர்லதாங்க இருக்கு" என்றாள் முனீஸ்வரி, பெட்டியை மூடிக்கொண்டே. "வெள்ளிக்கிழமை மதுரைக்கு என்னய வழியனுப்ப வந்துட்டு வெரசா திரும்பிருங்க, பொழுது அடைய நீங்க ஊருக்குள்ள இருக்கணும்."