கானாவாழைப் பெரும்போர்

முப்பது ஆண்டுகள் ஓர் அலுவலகத்தின் தபால் பிரிவில் வீற்றிருந்து, வந்த கடிதம் ஒவ்வொன்றின் நெற்றியிலும் ‘பெறப்பட்டது’ என்று ஊதா மையால் பொறித்து, அதனாலேயே முத்திரையார் என்று பட்டம் சூட்டப்பெற்ற திண்தோளரை, சர்க்கரை நோயைத் தம் காலடியோசையால் நடுங்கவைத்த நெடுநடையரை, மண்ணில் முளைத்த எந்தக் களையையும் தம் கைப்பேசிக்குத் தப்பவிடாத பெருங்கண்ணரைத் தலைதாழ்த்தி வணங்கி இக்கதையைத் தொடங்குகிறோம். அவர் வெற்றி ஓங்குக. அவர் முழங்கால் வலி நீங்குக.

மருத்துவர் ஆணையால் காலை நடைக்குத் துரத்தப்பட்ட முதல் மாதம், நாடிழந்து காடேகும் மன்னனைப் போலத்தான் அவர் தெருக்களில் தலைகுனிந்து திரிந்தார். அப்படிக் குனிந்து நடந்ததன் பயனாக ஒருநாள் மின்கம்பத்தடியில் ஒரு நெருஞ்சிப்பூ அவர் கண்ணில் பட்டது. படமெடுத்து, இருநூற்றுப் பதினான்கு பேர் கொண்ட காலைநடை வாட்ஸ்அப் குழுவில் ஏற்றினார். முப்பத்தொரு கட்டைவிரல்கள் உயர்ந்தன. அக்கணமே அவருள் ஒரு கலைஞன் பிறந்தான். பிறந்த கையோடு உபதேசமும் தொடங்கினான். “பாக்கத் தெரிஞ்சா எல்லாத்துலயும் அழகு இருக்கு” என்று மாடிப்படியிலும் லிஃப்டிலும் கழிவறை வாசலிலும் அகப்பட்டோரிடமெல்லாம் முழங்கலானார். அவர் மனைவி புதுக் கண்ணாடி போட்டு அப்போது எட்டு நாள் ஆகியிருந்தது. அதை அவர் இன்னும் பார்க்கவில்லை. மனைவியும் சொல்லவில்லை, எத்தனை நாள் ஓடுகிறது பார்ப்போம் என்று காலண்டரில் குறித்துவந்தார்.

ஞாயிறுதோறும் சிறந்த பூப்படம் ஒன்று குழுவின் முகப்புப் படமாக அரியணை ஏறுவது அக்குழுவின் மரபு. ஏழு வாரம் முத்திரையாரின் கொடியே தனித்துப் பறந்தது. எட்டாம் வாரம் பல் டாக்டர் குழுவில் சேர்ந்தார். பகலெல்லாம் பிறர் வாயென்னும் இருட்குகைக்குள் ஒளிபாய்ச்சி ஓட்டை தேடிப் பழகிய கூர்விழியார் அவர். முழங்கை நீள லென்ஸை மார்பில் தாங்கி வருபவர். தும்பைப்பூவில் தேன் குடிக்கும் எறும்பின் மீசையை எண்ணிக் காட்டுபவர். அதன்பின் பதினொரு வாரம் முத்திரையாருக்குத் தோல்விமேல் தோல்வி. குழுவில் “அருமை டாக்டர்” என்று கைகூப்பும் பொம்மையை அனுப்பிவிட்டு, வீட்டில் வயிறெரிந்து உலவினார்.

இந்நிலையில்தான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உள்ள சந்தில், சாக்கடை மூடிக்கும் மதிலுக்கும் இடைப்பட்ட வெடிப்பில், இரு நீல இதழை யானைச்செவிபோல் விரித்து ஒரு கானாவாழை பூத்தது. விரல்நக அளவே உடையது. காலையில் விரிந்து நண்பகலுக்குள் கரைந்து நீராகிவிடுவது; மறுநாள் காலை அதே செடியில் புதிதாய் ஒன்று விரிவது. ஆயினும் அந்நீலத்தை ஒருமுறை கண்டவர் அன்று முழுதும் வானத்தைக் குறைசொல்வர். இதைக் கவர்ந்தே தீர்வதென்று முத்திரையார் சூளுரைத்து, ஞாயிறு காலை ஆறரைக்குக் களம் புகுந்தார்.

வீழ்ந்து வணங்குவோர் போலத் தரையில் நெடுஞ்சாண்கிடையாகப் படுத்தார். படுத்த மாத்திரத்தில் அவர் வயிற்றின் கீழ்ப் பன்னிரண்டு தும்பைச் செடிகள் மாண்டன; அழகின் காவலர் அதை அறிந்திலர். கைப்பேசியை நீட்டியதும், அதுவரை எங்கோ உறங்கிக் கிடந்த காற்று பகைவனின் ஒற்றன்போல் வந்து பூவை ஆட்டியது. மூச்சை அடக்கினார், காற்று அடங்கவில்லை. காற்று அடங்கியபோது அவரால் மூச்சை அடக்க முடியவில்லை. அவ்வேளை சாக்கடைக் கோட்டையின் கட்டெறும்புப் படை அவர் பனியனுக்குள் நான்கு வாயில் வழியாகவும் நுழைந்து, முதுகென்னும் பெருவெளியில் பாசறை அமைத்தது. மலைபோல் அசையாது கிடந்தார் மாவீரர். கண்ணில் மட்டும் நீர் வழிந்தது.

அப்போது பூவின்மேல் ஒரு நிழல் விழுந்தது. முத்திரையார் அண்ணாந்தார். பல் டாக்டர் நின்றிருந்தார்.

“என்ன சார், விழுந்துட்டீங்களா?”

“இல்ல டாக்டர், படம் எடுக்கிறேன்.”

“எடுங்க, எடுங்க. நான் திங்கக்கிழமையே பாத்து வச்சதுதான். நீங்க முடிச்சுட்டு சொல்லுங்க.”

திங்கட்கிழமை என்னும் அச்சொல், எறும்புகள் அனைத்தும் கூடிக் கடித்ததினும் ஆழமாகக் கடித்தது. டாக்டரோ பையைத் திறந்து, நோயாளிகளின் கடைவாய் காணும் வட்டக் கண்ணாடியை எடுத்து, இளவெயிலை அதில் பிடித்துத் திருப்பிப் பூவின் கன்னத்தில் ஏற்றினார். சாக்கடையோரம் பட்டாபிஷேக மண்டபமாயிற்று. முத்திரையாரே ஒரு கணம் வாய்பிளந்தார். இரவல் ஒளி என்று நினைவு வந்ததும் வாயை மூடிக்கொண்டு, அவ்வொளியிலேயே நாற்பத்து மூன்று படங்களை மளமளவென்று எய்தார்.

அதற்குள் தள்ளுவண்டியோடு துப்புரவுப் பணியாளர் வந்து சேர்ந்தார். தினமும் அந்தச் சந்தில் பெருக்கும் அம்மாள். வீரர் இருவரும் ஒருசேரக் கையுயர்த்தி, “கொஞ்சம் இரும்மா, நிழல் விழுது” என்று ஆணையிட்டனர். அவர் துடைப்பத்தை ஊன்றி நின்றார்.

“இந்தப் பூவை நீங்க பெருக்காம விட்டு வச்சிருக்கீங்களே, ரசனைதான் காரணம்” என்று டாக்டர் பாராட்டினார்.

“அங்க கல்லு தூக்கிட்டு நிக்குது சார், தொடப்பக்குச்சி ஒடியுது. அதான் விட்டுட்டேன்” என்றார் அம்மாள். “நேத்து அஞ்சு செடி இருந்துச்சு. நேத்து இந்தப் பக்கம் வந்து பாத்துட்டு நின்னது நீங்க ரெண்டு பேரும்தான். நாலு உங்க செருப்புக்கடியில போச்சு.”

அவ்விருவரும் அதைக் கேட்காதவராயினர்.

“சரி சார், இப்ப நான்” என்று டாக்டர் மண்டியிட்டு லென்ஸை மாட்டினார். முத்திரையார் எழ வேண்டிய நேரம் வந்தது. பெருந்தேர் ஒன்று புதைசேற்றிலிருந்து எழுவதுபோல், முழங்கால் முனக, தோள் குலுங்க, எறும்புகள் உதிர அவர் எழுந்தார். எழுவோர் ஓரிடத்தில் கையூன்ற வேண்டும் என்பது இயற்கை. ஊன்ற இடமாய் இடப்பக்கம் மதில் இருந்தது. வலப்பக்கம் சாக்கடை மூடி இருந்தது. அகன்ற தரையும் எங்கும் இருந்தது. மாவீரரின் வலக்கை இவை அனைத்தையும் கடந்துசென்று, முப்பதாண்டுக் காலம் பழகிய அதே வேகத்தோடு, கானாவாழையின்மேல் இறங்கியது.

“அடடா” என்றார் முத்திரையார்.

கையை எடுத்தபோது உள்ளங்கையில் நீலம் ஒட்டியிருந்தது. டாக்டர் அந்தக் கையையே பார்த்தார். பிறகு லென்ஸைக் கழற்றி, மூடி, பைக்குள் வைத்து, பல் கூச்சம் கண்டவர்போல் முகம் சுருங்கி நடந்தார்.

“தவறிப் போய் பட்டுருச்சு” என்று முத்திரையார் அம்மாளிடம் மொழிந்தார்.

“பாத்தேன் சார்” என்றார் அம்மாள். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்கமுடியாததாக இருந்தது. கசங்கியதைத் தும்பைகளோடு சேர்த்துக் கூட்டி முறத்தில் அள்ளி வண்டியில் போட்டார்.

நூறு அடி நடப்பதற்குள் முத்திரையார் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். இருநூறாம் அடியில் நெஞ்சு நிமிர்ந்தது. வீடு சேர்ந்து, நாற்பத்து மூன்றில் ஒன்றைத் தேர்ந்து, “வாழ்க்கை ஒரு நாள்தான், அதையும் அழகாக வாழ்ந்து காட்டும் சிறுமலர்” என்று தாமே இயற்றிய வாசகம் பொறித்து, எதிர்ப்போரற்ற அந்த ஞாயிற்றுக்கிழமையின் உச்சியில் நின்று அதைக் குழுவில் ஏற்றி, ஆரவாரம் எழும் திசை நோக்கிச் செவிசாய்த்து, ஒரு மணி நேரம் அரிமாபோல் கண்மூடி அமர்ந்திருந்து, பின் மெல்லக் கைப்பேசியைத் திறந்தார்.

படத்தில் பூவுக்குப் பின்னால், மதிலுக்கு மேலே தெரிந்த மாடியில் தொங்கிய ‘வாடகைக்கு’ பலகையைப் பார்த்துவிட்டு, எத்தனை ரூம் என்று மூன்று பேர் கேட்டிருந்தார்கள்.