வெந்நீரில் மிதந்த பெயர்கள்

வெந்நீர்த் தொட்டியில் நாலு லேபிள்களும் மிதந்துகொண்டிருந்தன. நாலு டின்களும் மேசைமேல் அம்மணமாக நின்றன. எந்த லேபிள் எந்த டின்னில் இருந்தது என்று பார்த்து வைக்கவில்லையே என்று கறிக்கடைக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது.

நல்லது செய்யத்தான் போனார், பாவம். அவர் மனைவி கொழுப்பு உருக்குவதை நீங்கள் பார்க்க வேண்டும். பொடிப்பொடியாக நறுக்கி, அடி பிடிக்காமல் ஒரு கை தண்ணீர் விட்டு, அடுப்பைச் சிணுங்க விட்டு, மெல்லிய துணியில் மூன்று தரம் வடிப்பாள். ஆறினால் பீங்கான் மாதிரி வெள்ளை. அப்பேர்ப்பட்ட சரக்கின்மேல் 'பன்றிக் கொழுப்பு', 'மாட்டுக் கொழுப்பு' என்று கோணல் எழுத்து இருந்தால் புருஷனுக்குப் பொறுக்குமா?

"கொழுப்புன்னா ஊரே சிரிக்குது. மரியாதையா ஒரு பேர் வேணும்" என்று அகராதியைப் புரட்டினார். நிணம் என்றால் போர்க்களம் ஞாபகம் வந்தது. வழும்பு என்றால் வழுக்கி விழுவதுபோல் இருந்தது. கடைசியில், உருக்கினதெல்லாம் நெய்தானே என்று முடிவு கட்டி, அச்சகத்தில் பொன்னிற எழுத்தில் நாலு லேபிள் அடித்து வந்துவிட்டார். வாத்து நெய், பன்றி நெய், ஆட்டு நெய், மாட்டு நெய். தங்கை வீட்டுக்குப் போன மனைவி திரும்புவதற்குள் பழையதை உரித்து, இதை ஒட்டி அசத்திவிட வேண்டும்.

நாலு மணிக்குள் ஓட்டலுக்குச் சரக்கு போய்ச் சேர வேண்டும். சமையல்காரர் கறாரானவர். "பன்றி தொடாதவங்களும் சாப்பிட வர்றாங்க, மாடு தொடாதவங்களும் வர்றாங்க. ஒரு டின் மாறினாலும் உங்க வீட்டுச் சரக்கு இந்த வாசப்படி ஏறாது" என்று முதல் ஆர்டரிலேயே சொல்லியிருந்தார்.

கறிக்கடைக்காரர் மைத்துனனைக் கூப்பிட்டார்.

"உங்கக்கா சொல்லுவாளே, மாட்டுது கல்லா உறையும், வாத்துது தளதளன்னு நிக்கும்னு. வெந்நீர்ல வச்சதுல எல்லாம் உருகிக் கிடக்குடா!"

"இவ்வளவுதானே அத்தான்? ஃப்ரிட்ஜ்ல வைங்க."

மேல்தட்டில் வைத்தார்கள். முக்கால் மணி நேரத்தில் நாலும் கல்.

"சரி, வெயில்ல வைங்க."

கொஞ்ச நேரத்தில் நாலும் தண்ணீர்.

"அட, நாக்கு எதுக்கு இருக்கு?" என்று மைத்துனன் கரண்டியை எடுத்தான். எதையும் விட்டுவைக்காத வாய் அது. "ஆஹா, இது வாத்து! இறகு மாதிரி லேசா இருக்கு. இது மாடு, கனம் பாருங்க. இது பன்றி, வழவழன்னு போகுது. மிச்சம் ஆடு, வீச்சம் அடிக்குது."

கறிக்கடைக்காரரும் நக்கிப் பார்த்தார். "ஆமாண்டா! வாத்துது தொண்டைக்குள்ள நீந்துது!"

பொன் லேபிள்களை ஒட்டினார்கள். மனசு கேட்கவில்லை. மைத்துனன் கண்ணைக் கட்டி மறுபடி கொடுத்துப் பார்த்தார். வாத்து பன்றியானது. பன்றி மாடானது.

"கண்ணைக் கட்டினா ருசி எப்படித் தெரியும்?"

"நாக்கையா கட்டினேன்?"

லேபிள்களைப் பிய்த்தார்கள், மாற்றி ஒட்டினார்கள், மறுபடி பிய்த்தார்கள். பொன் எழுத்தெல்லாம் சுருங்கி, 'ஆட்டு நெய்' லேபிள் கறிக்கடைக்காரரின் முழங்கையில் ஒட்டிக்கொண்டது. மணி மூன்றரை.

வாசலில் சரக்கு வண்டி வந்து நின்றது. மனைவி இறங்கினாள்.

"ஏத்தாதே, எதையும் ஏத்தாதே!" என்று வண்டிக்காரரிடம் கத்திவிட்டு, கறிக்கடைக்காரர் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். "உன் கைக்கு ஏத்த பேர் வைக்கணும்னு நினைச்சேன்மா. இருந்த பேரையும் கெடுத்துட்டேன்."

அவள் ஒவ்வொரு டின்னிலிருந்தும் ஒரு சொட்டு எடுத்து, இடக்கையின் நாலு விரல் முட்டிகளில் வைத்தாள். தோலின் சூட்டிலேயே வாத்து ஓடிவிடும், பன்றி வழுகும், ஆடும் மாடும் உறைந்து நிற்கும், அவை இரண்டையும் வாசனை பிரித்துவிடும். எந்த இயந்திரமும் வேண்டாம், அந்தக் கை போதும். ஆண்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

நாலு சொட்டும் ஒன்றுபோல வெளுத்து உறைந்தன.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "தம்பி, வாத்து எதுன்னு சொன்னே?"

"இதுதான் அக்கா. இறகு மாதிரி."

"உங்களுக்கு?"

"தொண்டையில நீந்துச்சும்மா..."

அவள் கணவரின் முழங்கையிலிருந்து லேபிளை மெதுவாக உரித்து, சுருக்கத்தை நீவினாள். சிரிப்பா அழுகையா, கண் பளபளத்தது. "எழுத்து ரொம்ப அழகா இருக்குங்க."

வண்டிக்காரர் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்னண்ணே இது, ஓட்டல் சரக்கை அக்கா காலையிலேயே என் வண்டியில ஏத்தி விட்டுட்டாங்களே! இது வீட்டுச் சோப்புக்குன்னு, பழைய லேபிளோட கிடந்த டின்கள்ல ஊத்தி வச்சதுன்னு சொன்னாங்க, நாலும் ஆடுதானே!"