ஓடுபாதையைக் கிழக்கே தள்ளுகிறவர்

நாட்டில் விமானம் ஓட்டத் தெரிந்தவர்கள் சில ஆயிரம் பேர் இருப்பார்கள். விமானத்தில் ஏறி இறங்கியவர்கள் சில லட்சம் பேர் இருப்பார்கள். விமான நிலையத்தை எங்கே கட்டியிருக்க வேண்டும் என்று தெரிந்தவர்களோ கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். இந்த மூன்றாவது இனத்தைப் பற்றித்தான் உங்களிடம் சொல்லப்போகிறேன்.

அடையாளம் காண்பது சுலபம். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்ததும் இவர் சாப்பிடமாட்டார். தட்டை நகர்த்துவார், இரண்டு கரண்டிகளைப் பக்கம் பக்கமாக வைப்பார், உப்பு ஜாடியை நடுவில் நிறுத்துவார், "இப்ப பாருங்க, இதுதான் நம்ம ஓடுபாதை" என்று ஆரம்பிப்பார். உப்பு ஜாடி கட்டுப்பாட்டுக் கோபுரம். உங்களுக்கு உப்பு வேண்டுமா? கோபுரத்தை இடிக்க அவர் சம்மதிக்கமாட்டார். சப்பென்று சாப்பிட்டுவிட்டு எழுந்துபோங்கள்.

என் சம்பந்தி இந்த இனத்தின் உச்சாணிக் கொம்பில் இருப்பவர். முப்பது வருடம் வீடு வீடாகக் குனிந்து தண்ணீர் மீட்டர் பார்த்த மனிதர், ஓய்வு பெற்ற மறுநாள்தான் நிமிர்ந்து ஆகாயத்தைப் பார்த்தார். அன்றைக்குப் பிடித்தது. நாட்டின் பெரிய விமான நிலையம் தெற்கே சதுப்பு நிலத்தில் இருப்பது அடுக்குமா என்று நாற்பத்தோரு கடிதம் எழுதினார். பதில் வராததால் தாமே அதைத் தூக்கி வடக்கே மொட்டை மேட்டில் வைத்தார், காகிதத்தில்தான். கட்டடத்தை வட்டமாக்கினார், வட்டத்தைப் பிறையாக்கினார், கழிப்பறைகளை வாசலுக்கே கொண்டுவந்தார் (அதில் மட்டும் எனக்கும் உடன்பாடு). கூடத்துச் சுவரில் இருந்த அசல் நகர வரைபடத்தைக் கழற்றிவிட்டுத் தம்முடையதை மாட்டினார். மூன்று வருடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தால் மனிதனுக்கு என்ன ஆகும்?

சொல்கிறேன்.

அவருடைய மகள், அதாவது என் மருமகள், வேறொரு நகரத்தில் பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தாள். மறுநாள் காலை ஆபரேஷன். "அம்மா வந்தாத்தான் நான் உள்ளயே போவேன்" என்று போனில் ஒரே அழுகை. அன்றைக்கு இருந்தது ஒரே விமானம், பகல் பன்னிரண்டு மணிக்கு. சம்பந்தி, சம்பந்தியம்மா, நான் மூவரும் பெட்டிகளோடு வாடகைக் காரில் ஏறினோம். டிரைவர் ஊருக்குப் புதியவர்; போனில் வழி போட்டார்.

"அதை அணைப்பா. எனக்குத் தெரியாத விமான நிலையமா?" என்றார் முன் சீட்டில் இருந்த சம்பந்தி.

இடது என்றார், வலது என்றார், பாலத்துக்குக் கீழே என்றார். பின்னால் நாங்கள் இருவரும் பிறக்கப்போகிற குழந்தைக்கு யார் மூக்கு வரும் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். கார் நின்றது. எதிரே ஒரு மேடு. மேட்டில் ஏழெட்டு ஆடுகள்.

"புறப்பாடு இந்தப் பக்கம். பெட்டியை இறக்குங்க" என்றார் சம்பந்தி.

"என்னங்க, இங்க ஒண்ணுமே இல்லையே!" என்று அலறினார் சம்பந்தியம்மா.

"இன்னும் கட்டலை. அது அவங்க தப்பு."

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மாள் இறங்கி வந்தார். "நீங்களும் அந்தக் கூட்டமா? மூணு நாளா என் ஆட்டை நிம்மதியா மேய விடமாட்டேங்கிறாங்க. அதோ, வரிசை அங்க நிக்குது பாருங்க."

பார்த்தோம். பதினொரு ஆண்கள், கையில் பெட்டியும் சுருட்டிய காகிதமுமாக. ஒரு பல் டாக்டர், ஒரு தையல்காரர், ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர். ஒவ்வொருவரும் தனித்தனியாக யோசித்து இதே மேட்டுக்கு விமான நிலையத்தை மாற்றியவர்கள்!

"கூரை என்ன வடிவம்?" என்று கேட்டார் பல் டாக்டர்.

"பிறை" என்றார் சம்பந்தி.

"காத்து தூக்கிட்டுப் போயிடும் சார்."

சம்பந்தியின் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அவருடைய கல்யாணப் படத்தில்கூட நான் பார்த்ததில்லை. பெட்டியை உருட்டிக்கொண்டு போய் வரிசையின் வாலில் நின்றுவிட்டார்.

மணி பத்தரை.

"வர்றீங்களா, இல்லையா? உங்க பொண்ணு அங்க அழுதுட்டிருக்கா!"

"ஒரு நிமிஷம் இரும்மா. ஓடுபாதை ரெண்டா மூணான்னு இப்ப முடிவாகிடும்."

சம்பந்தியம்மா திரும்பிவந்து காரில் உட்கார்ந்தார். "தம்பி, அந்தப் போனைப் போடுங்க. தப்பான இடத்துல ஒரு விமான நிலையம் கட்டியிருக்காங்களாமே, அங்க போங்க."

கதவு மூடுகிற நேரத்தில் ஓடிப்போய் ஏறினோம். விமானம் கிளம்பி அந்த மேட்டுக்கு மேலாகத்தான் திரும்பியது. கீழே வரிசை அசையாமல் நின்றது. ஒருவர் மட்டும் எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். "பாவம், டாட்டா காட்டுறார்" என்று சம்பந்தியம்மா கண் கலங்கினார். எனக்குத் தெரியும், அது டாட்டா இல்லை. இன்னும் கொஞ்சம் கிழக்கே போ என்கிற சைகை.

அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டே மருமகள் உள்ளே போனாள். பெண் குழந்தை, மூக்கு எங்கள் வீட்டு மூக்கு. மேட்டுக்குப் போன் போட்டுச் சொன்னோம். சம்பந்திக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "தொட்டிலை எங்க வச்சிருக்காங்க?" என்று கேட்டார். "சன்னல் பக்கமா? ஐயோ, அங்க வைக்கவே கூடாதே!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன். மொட்டை மேடு என்று சொன்னேனே, அப்போது உங்கள் மனசுக்குள், "மேட்டில் எப்படி ஓடுபாதை போடுவது? பக்கத்திலேயே சமதரை இருந்திருக்குமே" என்று ஒரு யோசனை ஓடவில்லையா?

ஓடியதா? போச்சு. வரிசையில் பதின்மூன்றாவது இடம் உங்களுக்குத்தான். பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். வழி எதற்கு? உங்களுக்குத் தெரியாத விமான நிலையமா?